ஜீப்பு சக்கரம்

எங்கள் காலனிக்குச் சொந்தமாக வந்த முதல் நாலு சக்கர வண்டி ஒரு பழைய மெட்டடார் வேன். 1996ஆம் வருசம் ஆடி மாசம் வந்தது. அண்ணன் அதை ஓட்டிக்கொண்டு வரவில்லை. முன்னால் கயிறு கட்டி ஒரு டிராக்டர் இழுத்துக்கொண்டு வந்தது. பின்பக்கத்து ரெண்டு ரிம்மும் துரு தின்று, வெல்டு விட்டு, காற்று நிற்காமல் கிடந்தன. சின்னப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். ஊர்த்தெருவில் திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "சக்கரமே இல்லாத வண்டியப் போயி வாங்கியாந்துகீறானுவோ" என்று ஒரு குரல் கேட்டது. அந்தப் பேச்சில் பொய் இல்லை.

எங்கள் காலனி கெடாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து காணை வழியாகத் திருவண்ணாமலை போகிற ரோட்டில் வந்து உள்ளே திரும்ப வேண்டும். ஊர்ப்பேரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது அந்த ஓர் ஊரின் சங்கதி என்று ஆகிவிடும். மெயின் ரோட்டுக்குப் போக எங்களுக்கு இருப்பது ஒரே வழிதான். அது ஊர்த்தெரு வழியாகப் போகிறது. எங்கள் அப்பா காலத்தில் அந்தத் தெரு முனையில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போய், அந்த முனையில் ஏறிக்கொள்ள வேண்டும். செருப்பு கக்கத்தில் இருக்கும். இதெல்லாம் பல பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது சக்கரத்தைப் பற்றி.

வேன் வாங்குகிற யோசனை 1995 மார்கழியில் வந்தது. அக்காவுக்குத் தலைப்பிரசவம். ராத்திரி பத்து மணிக்கு வலி எடுத்தது. மருத்துவச்சிக் கிழவி பார்த்துவிட்டு, "கால் முன்ன வருது, என்னால ஆவாது, பெரியாசுபத்திரிக்குத் தூக்கினு போங்க" என்று கை விரித்துவிட்டாள். ஊர்த்தெருவில் ஒரு வேன் இருந்தது. அப்பா போய்த் தெருவில் நின்று, வாசலுக்குப் போகாமல், குரல் கொடுத்தார். ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்தே பதில் வந்தது. "டயரு பஞ்சரு. காலையில பாக்கலாம் போ."

அப்புறம் கட்டைவண்டியைப் பூட்டினோம். கட்டைவண்டிச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், அதைச் சுற்றி வட்டை, அதற்கு மேலே இரும்புப் பட்டா. பட்டாவைக் காய்ச்சி மாட்டித் தண்ணி ஊற்றினால் அது இறுகி வட்டையைக் கவ்விக்கொள்ளும். உழைப்புக்கு நல்ல சக்கரம். ஆனால் ஒவ்வொரு கல்லையும் வண்டிமேல் இருக்கிறவர் உடம்பிலேயே இறக்கும். அக்கா கத்தின கத்தலை நான் இங்கே எழுதவில்லை. ரோட்டுக்கு வந்து, லாரி மறித்து, விழுப்புரம் போய்ச் சேரும்போது விடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

மறுநாள் அமாவாசை. பொழுது சாய அப்பா பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ரோட்டோரம் இறங்கியபோது, அந்த வேன் மேல்மலையனூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனது. நாலு டயரும் நன்றாக இருந்தன. அப்பா அதை எங்களிடம் சொன்னது ஆறு மாசம் கழித்துத்தான்.

அண்ணன் அப்போது லாரியில் கிளீனராக இருந்து டிரைவர் லைசென்ஸ் எடுத்திருந்தான். பதினோரு வீடு சேர்ந்து சீட்டு போட்டோம். அண்ணி தாலிக்குண்டை வைத்தாள். 28,000 ரூபாய்க்குக் கிடைத்தது இந்த மெட்டடார். பெரியவர்களில் சிலபேர் வேண்டாம் என்றார்கள். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம்ம சனம் 12 பேரைக் கொன்றார்கள். அந்தப் பயம் இந்தப் பக்கத்துக் காலனிகளில் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தது. "நம்ம கிட்ட ஒரு பொருளு கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்தா அதுமேலதான் மொதல்ல கை வெப்பான்" என்று பெரியப்பா சொன்னார். அண்ணன் கேட்கவில்லை.

மெட்டடார் என்பது இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் வேனுக்கே பேர். புனேயில் பஜாஜ் டெம்போ கம்பெனி செய்தது. மூலம் ஜெர்மனிக்காரனுடையது. ஹாம்பர்க்கில் டெம்போ என்று ஒரு கம்பெனி இருந்தது. அது ஹானோமாக் என்கிற கம்பெனியோடு சேர்ந்தது. அந்த வேனை இங்கே உரிமம் வாங்கிச் செய்தார்கள். பஜாஜ் டெம்போ 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பேர் மாற்றிக்கொண்டது. மெட்டடாரில் ஒரு விசேஷம் உண்டு. லாரியிலும் ஜீப்பிலும் எஞ்சின் இழுப்பு பின்சக்கரத்துக்குப் போகும். மெட்டடாரில் முன்சக்கரம்தான் இழுக்கும். திரும்புவதும் அதுவே. பின்சக்கரம் வெறுமனே பாரத்தைச் சுமந்துகொண்டு கூடவே உருளும். எங்களுக்கு அப்போது இது தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் விழுப்புரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய்.

ஒரிஜினல் ரிம்முக்கு அண்ணன் அலையாத இடமில்லை. விழுப்புரத்தில் பழைய இரும்புக்கடைகள், திண்டிவனத்தில் லாரி பாடி பிரிக்கிற இடம், கடைசியில் மெட்ராஸ் புதுப்பேட்டை. கிடைத்தவையும் எங்கள் ரிம் மாதிரியே வெல்டு விட்டிருந்தன. நல்லதாக இருந்த ஒரு ஜோடிக்குச் சொன்ன விலை எங்களால் ஆகாது. திரும்பி வரும்போது திண்டிவனத்தில் அவன் கண்ணில் பட்டது ஒரு ஜோடி ஜீப்பு சக்கரம். ஏலத்தில் போன ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசு ஜீப்பிலிருந்து கழற்றியது. ரிம் கெட்டி. டயரில் பாதிக்குமேல் பட்டன் இருந்தது. வாங்கி பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

அந்தச் சக்கரத்தைப் பார்த்து எங்கம்மா முகம் சுளித்தது. ஜீப்பு என்றால் எங்கள் காலனிக்கு ஒரே அர்த்தம்தான். ஜீப்பு சத்தம் கேட்டால் ஆம்பளைகள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடுவார்கள். "அந்தச் சக்கரத்தப் போயி எங்கூட்டு வாசல்ல கொண்டாந்து போட்டிருக்கியேடா" என்று அம்மா சொன்னது.

சக்கரம் மாட்டவில்லை. ஜீப்பு சக்கரத்துக்கு அஞ்சு ஓட்டை. எங்கள் வண்டி போல்ட்டுமேல் வைத்தால் அது உட்காரவே இல்லை. வேடிக்கை பார்த்த ஒருத்தர் சொன்னார்: "இடையில புதுசா ஓட்டை போட்டு முறுக்கு. வட்டம்தான, ஓடும்." அண்ணனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. ரெண்டு சக்கரத்தையும் மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு பாய் பட்டறைக்குப் போனோம். ஓட்டை போட மாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார்.

"தட்டுல கண்ட எடத்துல ஓட்டை போட்டா சக்கரம் ஏறும் தம்பி. ஏறுனது நிக்காது. வட்டமா இருக்கறதெல்லாம் ஒண்ணாயிடுமா? அஞ்சு அளவு இருக்குது. அஞ்சும் சேரணும்."

அந்த அஞ்சை அவர் விரல்விட்டுச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். யாருக்காவது உதவும். முதல் அளவு, போல்ட்டுகள் நிற்கிற வட்டம். ஜீப்புக்கு அது அஞ்சரை அங்குலம், 139.7 மில்லிமீட்டர். நாலோ ஆறோ ஓட்டை என்றால் எதிரெதிரே வைத்து அளந்துவிடலாம். அஞ்சுக்கு எதிர் ஓட்டை கிடையாது. ஒன்றை விட்டு அடுத்த ஓட்டைக்கு, மையத்திலிருந்து மையம் வரைக்கும் அளந்து 0.951ஆல் வகுக்க வேண்டும். அப்போது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அளந்து பார்த்தேன். 133 மில்லிமீட்டர் வந்தது. வகுத்தால் ஏறக்குறைய 140. பாய் அட்டையை போல்ட்டுமேல் அழுத்தி அச்சு எடுத்து அதையே கண்டுபிடித்தார். ரெண்டாவது, நடு ஓட்டை. அது அச்சுக் குடத்தின்மேல் லொடலொடவென்று இல்லாமல் உட்கார வேண்டும். மூணாவது, தட்டு ரிம்முக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது. அது மாறினால் சக்கரம் உள்ளே போய் இடிக்கும், அல்லது வெளியே தள்ளி நின்று பேரிங்கைத் தின்னும். நாலாவது, நட்டு உட்காருகிற இடத்தின் சரிவு. கூம்பு நட்டுக்குக் கூம்புக் குழி, தட்டை நட்டுக்குத் தட்டை. மாறினால் எவ்வளவு முறுக்கினாலும் நட்டு விட்டுப்போகும். அஞ்சாவது பாரம். ஜீப்பு ஆளை ஏற்றுகிற வண்டி, வேன் மூட்டையை ஏற்றுகிற வண்டி. "இதுல அளவுக்கு மேல ஏத்தமாட்டேன்னு எனக்கு வாக்கு குடு" என்று பாய் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

லேத்துப் பட்டறையில் அங்குலக் கனத்தில் ரெண்டு இரும்புத் தட்டு கடைந்தார்கள். உள்வட்டத்து ஓட்டைகள் எங்கள் வண்டி போல்ட்டுக்கு. நட்டு மேலே துருத்தாமல் இருக்கக் குழி வெட்டினார்கள். வெளிவட்டத்தில் ஜீப்பு கணக்குக்கு அஞ்சு புது ஸ்டட். நடுவில் ஒரு வரம்பு நிறுத்தினார்கள், ஜீப்பு சக்கரத்தின் நடு ஓட்டை அதன்மேல் உட்காருவதற்கு. பாரத்தை போல்ட்டு ஒண்டியாகச் சுமக்கக்கூடாது என்றார் பாய். நல்லதாக இருந்த ரெண்டு பழைய ரிம்மை முன்னாலேயே வைத்தார். இழுக்கிற இடத்திலும் திரும்புகிற இடத்திலும் ஒட்டு வேலை கூடாது என்பது அவர் கட்டளை. ஜீப்பு சக்கரம் ரெண்டும் பின்னால் போயின. வண்டி பின்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, குனிந்து தவிடு புடைக்கிற மாதிரி நின்றது. ஹெட்லைட் தரையைப் பார்த்தது. அதையும் நிமிர்த்திக் கட்டினார்.

முன்னுக்கு ஒரு ஸ்டெப்னி, பின்னுக்கு ஒரு ஸ்டெப்னி என்று ரெண்டு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்பேனரும் ரெண்டு. கடைசியாக பாய் சொன்னார். "நட்ட சுத்தி வரிசையா முறுக்காத. ஒண்ண விட்டு ஒண்ணு முறுக்கு. அம்பது கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப முறுக்கு. அப்பறம் தெனம் காலையில ஒவ்வொரு நட்டையும் கையால தொட்டுப் பாரு. இது பொறந்த வீட்டுச் சக்கரம் இல்ல. ஒட்டவெச்ச சக்கரம்." லேத்துக் கூலி தவிர அவர் கைக்காசு வாங்கவில்லை.

ஆவணியில் வண்டி ஓடியது. ஊர்த்தெருவில் நுழையும்போது நான் உள்ளே இருந்தேன். நாலுபேர் மறித்தார்கள். "எஞ்சினை நிறுத்திட்டுத் தள்ளினு போங்கடா" என்றார்கள். சைக்கிளுக்குச் சொன்ன அதே வார்த்தை. ஒரு டன்னுக்கு மேலே கனமான வண்டிக்கும் அதையே சொன்னார்கள். அண்ணன் பேசவில்லை. ஹாரன்மேல் கை வைத்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். கால்மணி நேரம் இருக்கும். பின்னால் ஒரு லோடு டிராக்டர் வந்து நின்றது. அது அவர்கள் வீட்டு டிராக்டர். அதற்காக வழிவிட்டார்கள். அப்படித்தான் எங்கள் வண்டி அந்தத் தெருவைக் கடந்தது. எங்களுக்காக யாரும் நகரவில்லை.

அடுத்த ஏழெட்டு மாசத்தில் அந்த வண்டி நாலு பிரசவத்துக்குப் போனது. ரெண்டு பாம்புக்கடி. பூச்சிமருந்து குடித்த ஒருத்தனை பாண்டிச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோனது. நாலு பிள்ளையும் உசுரோடு வீட்டுக்கு வந்தன. மற்ற நாளில் கரும்பு வெட்டுக்கு ஆள் ஏற்றும், மல்லாட்டை மூட்டை ஏற்றும். அப்பா தினமும் காலையில் வண்டியைச் சுற்றி ஒருதரம் நடப்பார். எதுவும் பேசமாட்டார்.

1997 பங்குனியில் ஒரு விடியற்காலை. காலில் அடிபட்ட ஒரு பிள்ளையை விழுப்புரத்துக்குக் கொண்டுபோக ஏழுபேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவசரம். ஆனாலும் அண்ணன் பழக்கத்தில் குனிந்து நட்டைத் தொட்டான். இடதுபக்கப் பின்சக்கரத்தில் முதல் நட்டு விரலிலேயே சுழன்றது. அடுத்ததும் அப்படியே. அஞ்சில் மூணு நட்டு இல்லவே இல்லை. மீதி ரெண்டும் ரெண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தன. முந்தின நாள் சாயங்காலம் அவன் கையால் முறுக்கியவை அவை. நட்டு தானாகவும் தளரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தானாகக் கழன்ற நட்டு நின்ற வண்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். மூணும் கிணற்றங்கரைப் பக்கம், இருபது அடி தள்ளி, ஒரே இடத்தில் கிடந்தன.

வண்டி ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். ஏரிக்கரை வளைவு வரைக்கும் போயிருக்கும்.

அண்ணனும் நானும் அந்த மூணு நட்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஸ்டேசனுக்குப் போனோம். எந்த ஸ்டேசன், எந்த அதிகாரி என்று எழுதவில்லை. அவர் நட்டைப் பார்க்கவில்லை. "வண்டி எங்க?" என்றார். பார்த்தார். "பின்னாடி எதுக்கு வேற சக்கரம்? ஆர்.சி. புக்க எடு" என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி செய்த விதத்துக்கும் ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கும் மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது. இந்த மாதிரி வண்டிகளின் ஆர்.சி.யில் டயர் அளவும் எழுதியிருக்கும். எங்கள் பின்டயர் அந்த அளவில் இல்லை. அது நிசம். அபராதம் எழுதினார்கள். வண்டியை ஒன்பது நாள் ஸ்டேசன் வாசலில் நிறுத்திவைத்தார்கள்.

அண்ணன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பேரைச் சொன்னான். 1989இல் போட்ட அந்தச் சட்டம் 1990 ஜனவரியிலேயே அமலுக்கு வந்துவிட்டது. "நட்டு கழண்டதுக்கெல்லாம் அந்தச் சட்டமா?" என்று கேட்டு அவர் சிரித்தார். புகார் வாங்கவில்லை.

பிரிவு 52 தப்பான சட்டம் என்று நான் சொல்லமாட்டேன். பாய் சொன்ன அஞ்சு அளவும் அந்தச் சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வண்டிச் சக்கரத்தை இன்னொன்றுக்குக் கண்டபடி மாட்டினால் ஆள் சாவான். அதைத் தடுக்கச் சட்டம் வேண்டும். என் கேள்வி வேறு. எங்கள் சக்கரம் சரியில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்த அந்தக் கண்ணுக்கு, சக்கரத்தைக் கழற்றின கை ஏன் தெரியவில்லை? எல்லாம் சரியாக இருந்த ஒரு வேன் 1995இல் நடுராத்திரியில் வாசலிலேயே நின்றதே, அது எந்தப் பிரிவில் வரும்?

பின்னாளில் அம்பேத்கர் எழுதியதைப் படித்தேன். தன் வாழ்க்கையில் பட்டதைச் சிறுசிறு சம்பவங்களாக அவர் எழுதிவைத்திருந்தார். அவர் இறந்து 34 வருசம் கழித்து, 1990இல்தான் அது தனி நூலாக வந்தது. அதில் 1929இல் சாலிஸ்காவ் ஸ்டேசனில் இறங்கியபோது நடந்தது இருக்கிறது. மேல்நாட்டில் படித்துப் பட்டம் வாங்கி வந்த மனுசர், அரசாங்கம் போட்ட கமிட்டியில் உறுப்பினர். குதிரைவண்டிக்காரன் ஒருத்தனும் அவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்டமாட்டோம் என்றார்கள். மகர் ஆட்களில் ஒருத்தர், ஓட்டிப் பழக்கமே இல்லாதவர், கடிவாளத்தைப் பிடித்தார். ஒரு பாலத்தின் ஓரக் கல்லில் சக்கரம் மோதியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன.

அதைப் படித்த அன்றைக்கு நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஓட்டினவர யாரும் திட்டலியே?" அம்பேத்கர் அவரைத் திட்டவில்லை. தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று ஓட்ட மறுத்தவர்களைப் பற்றித்தான் எழுதினார். வண்டி கவிழ்ந்தால் ஓட்டத் தெரியாதவன் என்று பேர் எங்களுக்கு வரும். எங்களை ஓட்டத் தெரியாதவனாக வைத்தது யார், ஒட்டுச் சக்கரத்தில் ஓடவைத்தது யார் என்று எந்த எப்.ஐ.ஆரிலும் எழுதமாட்டார்கள்.

ஒன்பது நாள் கழித்து வண்டி வந்தது. பாய் சொன்ன ஒரு புதுப்பேட்டைக் கடையில் தவணைக்கு ஒரிஜினல் ரிம் ரெண்டு கிடைக்க இன்னும் நாலு மாசம் ஆனது. அதுவரைக்கும் அந்த ஜீப்பு சக்கரத்தில்தான் ஓடியது. காலனிப் பையன்கள் முறைபோட்டு ராத்திரியில் வண்டியிலேயே படுத்தார்கள். நானும் படுத்திருக்கிறேன். 1998இல் அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம். அந்த வண்டியில்தான் போனாள். பெண் பிள்ளை. இப்போது நர்சாக இருக்கிறாள்.

2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. போன் போட்டால் காலனிக்குள்ளேயே வருகிறது, தெருவில் யாரும் நிறுத்துவதில்லை. அதற்கு அடுத்த வருசம் மெட்டடாரை எடைக்குப் போட்டோம். கடைந்த தட்டு ரெண்டில் ஒன்றை மட்டும் அண்ணன் கொடுக்கவில்லை. இப்போதும் அவன் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் அண்டக் கொடுத்திருக்கிறான்.

அவனுக்கு வயசு அறுபது நெருங்குகிறது. வண்டி ஓட்டுவதை விட்டு நாளாகிறது. போன மாசம் விழுப்புரம் போக டவுன் பஸ்சுக்கு நின்றோம். பஸ் வந்தது. சனம் முண்டியடித்து ஏறியது. இவன் ஏறாமல் பின்சக்கரத்துக்கிட்ட போய்க் குனிந்தான். கண்டக்டர், "யோவ் பெரியவரே, இன்னாத்த தொலைச்சிட்ட? ஏறுய்யா" என்று கத்தினார். அவன் ஒவ்வொரு நட்டாக எண்ணி முடித்துவிட்டுத்தான் ஏறினான்.